‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று மேலாளர் சொல்ல முடிகிறதா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் கொடுப்பது என் தொழில் என்பதால், உரிமையாளர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வைக்கும் கோரிக்கை ஒன்று உண்டு. “எங்க மேனேஜர் எல்லாத்தையும் அவரே இழுத்துப் போட்டுக்கிறாருங்க. கீழ இருக்கறவங்ககிட்ட ஒரு வேலையும் விடமாட்டேங்கறாரு. அவருக்கு ஒரு கிளாஸ் எடுங்க” என்பார்கள். வகுப்பு எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை யாருக்கு எடுக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தயங்கும் மேலாளர்களில் பெரும்பாலோருக்கு அதன் பயன் நன்றாகவே தெரியும். தெரிந்தும் தயங்குகிறார்கள் என்றால் அவர்கள் பக்கத்தில் வலுவான காரணம் இருக்கிறது என்று பொருள். அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் உருவாக்கி வைத்திருப்பவர் அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் என்பதே இந்த ஊர்த் தொழிற்சாலைகளுக்குள் போய்வந்ததில் நான் கண்டது.

தொழிலை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். சாதாரண டி-ஷர்ட் ஆர்டர்கூட நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறித்தான் துறைமுகத்துக்குப் போகிறது. இவற்றில் கணிசமான வேலை வெளியே, கூலிக்குச் செய்து தரும் யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவர் ‘சரி, போகலாம்’ என்று சொல்லியாக வேண்டும். அந்தச் ‘சரி’யைச் சொல்லும் உரிமை ஒரு தொழிற்சாலையில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரின் மேசையருகே முற்பகல் 11 மணிக்கு நின்று பாருங்கள். கட்டிங் மாஸ்டர் கையில் இரண்டு துண்டுத் துணிகளோடு நிற்கிறார்; ஒன்று உடல் பகுதிக்கான துணி, மற்றது கழுத்துக்கான ரிப். இரண்டும் நேவி புளூதான், ஆனால் ஒரே நேவி புளூவா என்பது கேள்வி. மேலாளர் எழுந்து நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸுக்குப் போகிறார், இரண்டையும் ஓரம் மடித்து ஒன்றோடொன்று ஒட்டி வைக்கிறார், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒருமுறையும், ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்கு ஈடான டிஎல்84 விளக்கில் ஒருமுறையும் பார்த்துவிட்டு, “ஓட்டுங்க” என்கிறார். கட்டிங் மாஸ்டர் இந்தத் தொழிலுக்கு வந்தது மேலாளருக்கு முன்பே. விளக்கை மாற்றிப் பார்க்க அவருக்கும் தெரியும். அவர் நகர்வதற்குள் வண்டி ஓட்டுநர் டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புத்தகத்தை நீட்டுகிறார். பிரிண்டிங் யூனிட்டுக்குப் போக வேண்டிய கட்டுகள் வண்டியில் ஏறி வெகுநேரமாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. அவருக்குப் பின்னால், ஆர்டரைத் தொடர்ந்து கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் ஒருவர், லேபிள் வைக்கும் இடத்தைப் பற்றி, வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸுக்கு எழுதிய நான்கு வரி மின்னஞ்சலை அனுப்பலாமா என்று கேட்க வந்திருக்கிறார். மேலாளர் அந்த நான்கு வரியையும் அழித்துவிட்டு, அதே பொருளில் வேறு நான்கு வரி அடிக்கிறார்.

இதைப் பார்க்கும் எவருக்கும் இந்த மனிதர் தன்னை நம்பும் அளவுக்குப் பிறரை நம்புவதில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அவருடைய கைபேசி ஒலிக்கும்போது நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அழைப்பவர் முதலாளி, எங்கிருந்தோ காரில் வந்துகொண்டிருக்கிறார். “அந்த ஜெர்மனி ஆர்டர் எத்தனை பீஸ் லைன்ல இறங்கியிருக்கு?” மேலாளருக்குச் சரியான எண் தெரியாது, அது லைன் சூப்பர்வைசரின் தாளில் இருக்கிறது. “கேட்டுச் சொல்றேனுங்க” என்கிறார். மறுமுனையில் சற்று அமைதி. பிறகு, “நீங்க ஃபேக்டரியிலதானே இருக்கீங்க?”

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. தொழிற்சாலைக்குள் இருக்கும் மேலாளர் என்றால் எந்த எண்ணைக் கேட்டாலும் அந்தக் கணமே சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை என்றால் அவர் கையில் கட்டுப்பாடு இல்லை என்பது அதன் உட்பொருள். அப்படி ஒரு கேள்வியை இரண்டு முறை வாங்கிய மேலாளர் மூன்றாவது முறைக்கு ஆயத்தமாகிவிடுவார். எல்லா எண்களையும் தலையில் வைத்துக்கொள்வார்; எல்லாம் தலையில் நிற்க வேண்டுமானால் எல்லாம் தன் கை வழியாகப் போக வேண்டும்; எனவே டி.சி. கையெழுத்தைக்கூட விட மாட்டார், ஏனென்றால் எந்தக் கட்டு எப்போது வெளியே போனது என்பதை அறிய அவருக்கு இருக்கும் நிச்சயமான வழி அதுதான். கையெழுத்துக்காக வண்டி காத்துக் கிடப்பதை முதலாளி குறையாகச் சொல்வார். அந்தக் கையெழுத்தை மேலாளர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தன் தொலைபேசி அழைப்பே காரணம் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஆகவே, மேலாளரின் தயக்கத்தைப் போக்க உதவ வேண்டும் என்றால் நான் முதலில் பேசுவது முதலாளியிடம். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மேலாளர் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் அதை மரியாதையான பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் அரை மணி நேரத்தில் சரியான எண்ணைச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இதைச் செய்வதற்குப் பல முதலாளிகள் மிகவும் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனியைச் சிறிய கொட்டகையில் தொடங்கி, நூல் சிட்டா வாங்கியதிலிருந்து பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டியதுவரை தாமே செய்து வளர்ந்தவர்களுக்கு, எண்ணைத் தலையில் வைத்திராத மேலாளர் அக்கறையற்றவராகத் தெரிவது இயல்புதான். அவர்கள் தொழிலை நடத்திய காலத்தில் ஒரே தலைக்குள் அடங்கிய அளவு இன்று அடங்காது என்பதைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்ட அன்று மாலையே மறுபடியும் கூப்பிட்டு எண் கேட்பார்கள். இதற்கு நான் செய்யும் ஏற்பாடு சாதாரணமானது. காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒவ்வொரு பிரிவின் எண்ணிக்கையும் முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு நேராகப் போகும்; அனுப்புபவர் பிரிவின் சூப்பர்வைசர், மேலாளர் அல்லர். அழைப்பு உடனே நின்றுவிடாது, ஆனால் குறையும். எண்களைச் சுமக்கும் வேலை தன்னைவிட்டுப் போகிறது என்பதை மேலாளர் கண்ணால் காணும்போது அவருடைய பிடி தானாகவே கொஞ்சம் தளர்கிறது.

இரண்டாவது காரணம் பழி. ஏற்றுமதியில் தவறுக்கு விலை அதிகம். கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் தலையில் விழும், ஆர்டரின் லாபம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். அப்படி ஒன்று நடந்த மறுநாள் நடக்கும் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, “யார் ஓகே சொன்னது?” என்பதே. நான் ஓகே சொன்னேன் என்று சொல்லும் நிலையில் மேலாளருக்கு ஒரு வகையில் நிம்மதி உண்டு, திட்டு தனக்கு மட்டும்தான். இளைய மெர்ச்சண்டைசர் ஓகே சொன்னார் என்றால், ‘அந்தப் பொண்ணுகிட்ட எதுக்கு விட்டீங்க?’ என்ற இரண்டாவது கேள்வியும் வரும். ஒரே தவறு, ஆனால் தானே செய்தால் ஒரு குற்றம், ஒப்படைத்துச் செய்தால் இரண்டு குற்றம். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கும் மனிதர் வேலையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில் என்ன வியப்பு இருக்கிறது?

இந்த இடத்தில் இஸ்ரோவின் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கதையைச் சொல்வது நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளின் வழக்கம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவுதல் தோல்வியடைந்தபோது தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்கள் முன் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றபோது அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வகுப்பில் எல்லோரும் கைதட்டுவது அந்தச் செய்தியாளர் கூட்டத்துக்காக. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடுவில் இருந்த பதினோரு மாதங்கள்தான். முதல் ஏவுதலில் கணினி நிறுத்தச் சொன்னதை மீறித் தொடரச் சொல்லும் முடிவை எடுத்தவர் கலாம். அதுவும் கலாமே சொன்னது. அத்தனைக்குப் பிறகும் திட்ட இயக்குநர் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை, இரண்டாவது ஏவுதலும் அவர் பொறுப்பிலேயே நடந்தது. செய்தியாளர்கள் முன் பழியை ஏற்பதைப் பெருந்தன்மையுள்ள பலரும் செய்துவிடுவார்கள். மூடிய அறைக்குள், அடுத்த ஆர்டரையும் அதே ஆளிடம் கொடுப்பதுதான் கடினம், கீழே இருப்பவர்கள் கவனிப்பதும் அதைத்தான். ஒரு மெர்ச்சண்டைசரின் கையில் ஒரு தவறு நடந்த பின்பு அடுத்த சீசனில் அதே பையர் (சரக்கை வாங்கும் வாடிக்கையாளர்) அவரிடமே இருக்கிறாரா என்பதை வைத்தே அந்த அலுவலகம் முழுவதும் மேலாளரின் சொல்லை எடைபோடும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அவர் ஒரு நாள் லீவு போட்டா ஃபேக்டரி நின்னுடும்” என்பது இந்த ஊரில் ஒரு மேலாளரைப் பற்றிச் சொல்லப்படும் மிக உயர்ந்த பாராட்டு. தீபாவளி போனஸ், சம்பள உயர்வு, பக்கத்து நிறுவனம் இழுக்கப் பார்க்கும் மதிப்பு எல்லாம் அந்தப் பாராட்டை ஒட்டியே அமைகின்றன. அப்படியிருக்க, தான் இல்லாவிட்டாலும் நடக்கும்படி வேலையை அமைக்கச் சொல்வது, உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே அறுக்கச் சொல்வதுதான். பயிற்சி வகுப்பில் எத்தனை ஸ்லைடு போட்டாலும் இந்த அச்சம் போகாது. அவருடைய ஊதியக் கடிதத்தில் ஒரு வரி மாறினால் போகும். ஆண்டு மதிப்பீட்டின்போது ‘உங்கள் இடத்தில் நிற்கக்கூடிய இருவர் பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்டு, அந்த இருவரின் வளர்ச்சியை மேலாளரின் சாதனையாக எண்ணி ஊதியம் நிர்ணயித்த நிறுவனங்களில் தயக்கம் வேகமாகக் கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்ய மனமில்லாத முதலாளி வகுப்புக்குச் செலவழிக்காமல் இருப்பதே நல்லது. என் வருமானம் குறைந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இனி மேலாளரின் மனத்துக்குள்ளேயே இருக்கும் காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் முதலாளியின் மேல் போட்டுவிடவும் முடியாது. இங்கே பல மேலாளர்கள் கைமடியாக (தையல்காரருக்கு உதவும் ஆளாக) வந்து, பவர்டேபிளில் உட்கார்ந்து, ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களை ஓட்டி, சூப்பர்வைசராகி, இந்த நாற்காலிக்கு வந்தவர்கள். அவர்கள் மதிப்பு அவர்கள் கையில் இருந்தது. பீஸைக் கையில் எடுத்த உடனே தையல் எங்கே இழுக்கிறது என்று சொல்லும் அந்தத் திறமையால்தான் மேலே வந்தார்கள். மேலே வந்த பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றால் அவர்களுக்கு என்னவோ போல் இருக்கும். கண்ணெதிரே ஓர் இளைஞர் அரை மணி நேரம் தடுமாறும் வேலையைத் தாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒரு தனிப் பயிற்சி.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபெஃபரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு கைக்கடிகார விளம்பரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். எல்லோர் முன்பும் வைக்கப்பட்டது ஒரே விளம்பரம்தான். ஆனால் அது உருவாகும்போது தாம் மேற்பார்வையிட்டதாக நம்பியவர்கள் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். தான் தொட்ட வேலை தொடாத வேலையைவிடச் சிறந்தது என்று மனம் நம்பிவிடுகிறது, வேலை மாறவே இல்லை என்றாலும். மின்னஞ்சலை அழித்து அதே பொருளில் மறுபடியும் அடித்த மேலாளருக்கு நடந்தது இதுவே. இதை எப்படிச் சரிசெய்வது? புத்திமதி உதவாது. மெர்ச்சண்டைசர் எழுதியதையும் மேலாளர் மாற்றியதையும் பெயரின்றிப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, இரண்டில் எதற்குப் பையர் வேறு பதில் தந்திருப்பார் என்று அவரையே கேட்பேன். சிலவற்றில் மாற்றம் உண்மையிலேயே தேவையாக இருந்திருக்கும். டெலிவரி தேதியைப் பற்றிய ஒரு வாக்கியம் வாக்குறுதியாகப் படிக்கப்படும் அபாயம் இருந்தால் அதை மேலாளர் திருத்தியே ஆக வேண்டும். பெரும்பாலானவற்றில் வேறுபாடு நடையில் மட்டும்தான் என்பதை அவர் கொஞ்சம் சங்கடத்தோடு ஒப்புக்கொள்வார். அதன்பின் ஒரே விதி: மாற்ற வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் அடிக்காதீர்கள், என்ன மாற வேண்டும், ஏன் மாற வேண்டும் என்று சொல்லி எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்தவுடன் பாதித் திருத்தங்கள் மறைந்துவிடும்.

‘எல்லாவற்றையும் பார்க்காமல் எப்படி விடுவது?’ என்று கேட்பவர்களுக்குத் திருப்பூரிலேயே பதில் இருக்கிறது. ஏ.க்யூ.எல். முறையில், அதாவது சில பீஸ்களை மட்டும் மாதிரியாக எடுத்துப் பார்த்து, சரக்கை ஆய்வு செய்வதை இங்கே எல்லோரும் அன்றாடம் பார்க்கிறார்கள். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள ஒரு லாட்டுக்கு, பொது ஆய்வு நிலை 2-இல் 200 பீஸ் எடுத்துப் பார்க்கிறார்கள், 2.5 என்ற அளவில் 10 குறைபாடு வரை லாட் பாஸ், 11 வந்தால் ஃபெயில். அதாவது, 10,000 உடைகளில் 9,800 உடைகளைப் பையரின் இன்ஸ்பெக்டர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்கை இந்த ஏற்பாட்டில் அனுப்பிவைக்கும் மேலாளர், நான்கு வரி மின்னஞ்சலையும் 600 ரூபாய் ஊசி பில்லையும் மட்டும் ஒன்றுவிடாமல் பார்க்கிறார். இதைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள், ஆனால் யோசிப்பார்கள். மாதிரி எடுத்துப் பார்ப்பது என்பது பார்க்காமல் விடுவது ஆகாது. எவ்வளவு பார்ப்பது, எத்தனை தவறு வரை பொறுப்பது, எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் முழுவதையும் திறந்து பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பார்ப்பது. அனுப்பிய மின்னஞ்சல்களில் பத்தில் ஒன்றை, அனுப்பிய பின், வாரம் ஒருமுறை பார்க்கலாம். புதிதாக வந்தவருடையது என்றால் இரண்டில் ஒன்று. தவறு கூடினால் இறுக்கலாம், குறைந்தால் தளர்த்தலாம். அந்த ஆய்வு முறையிலேயே இறுக்கிய ஆய்வு, தளர்த்திய ஆய்வு என்று இரண்டும் இருக்கின்றன.

அடுத்து, எதை ஒப்படைப்பது என்பது. பலர் வேலையை ஒப்படைக்கிறார்கள், முடிவை வைத்துக்கொள்கிறார்கள். இது ஒப்படைக்காமல் இருப்பதைவிட மோசம். இதன் தெளிவான வடிவம் ஓடிபி. கணக்குப் பிரிவில் ஒருவர் இருபது ஜாப் ஒர்க் பில்களையும் சரிபார்த்து, வங்கித் தளத்தில் ஏற்றி, பணம் அனுப்பும் இடத்துக்கு வந்துவிடுவார். ஓடிபி முதலாளியின் கைபேசிக்குப் போகும். முதலாளி ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிக்கொண்டிருப்பார். “அண்ணா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்டால் அவர் அந்தச் சத்தத்தில் என்ன தொகை, யாருக்கு என்று எதையும் பார்க்காமல் ஆறு எண்களையும் வாசித்துவிடுவார். கட்டுப்பாடு இருப்பதாகத் தோற்றம். உண்மையில் யாரும் எதையும் பார்க்கவில்லை, நேரம் மட்டும் போகிறது. நிறுவனக் கணக்குகளுக்கு வங்கிகள் மேக்கர், செக்கர் என்று இரு நிலை வசதி தருகின்றன. ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் தன் சொந்த உள்நுழைவில் பார்த்து ஒப்புதல் தருவார், இவ்வளவு தொகை வரை யார், அதற்கு மேல் யார் என்றும் வரம்பு வைக்கலாம். அதைப் போட்டுக்கொள்ளாமல் ஓடிபியைத் தொலைபேசியில் வாசிக்கும் நிறுவனங்கள் இன்னும் ஏராளம்.

தொகை வரம்பு என்பது எளிமையான, ஆனால் மிகுந்த பலனுள்ள கருவி. அரசாங்கத்துக்குக்கூட இது புதிதல்ல. மத்திய அரசில் 1978இல் வந்த நிதி அதிகார ஒப்படைப்பு விதிகள் 2024இல் புதிதாக எழுதப்பட்டன. மெக்கானிக்குக்கு வாரத்துக்கு 5,000 ரூபாய் வரை உதிரி பாகம் வாங்க அதிகாரம், அதற்கு மேல் போனால் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஊசி இல்லாமல் நிற்கும் மெஷின்களின் எண்ணிக்கை உடனே குறையும். பணமல்லாத முடிவுகளுக்கு மூன்று படிகள் போதும் என்பது என் அனுபவம்: கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது, செய்துவிட்டுச் சொல்ல வேண்டியது, சொல்லவே தேவையில்லாதது. மேலாளரிடம் வரும் கேள்விகளை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்வேன். துணியின் நிற வேறுபாட்டைப் பார்ப்பது ‘கேட்டுவிட்டு’ப் பகுதியில் தொடங்கி, கட்டிங் மாஸ்டரின் கண்ணும் மேலாளரின் கண்ணும் தொடர்ந்து ஒத்துப்போகும்போது ‘செய்துவிட்டுச் சொல்’ பகுதிக்கு நகரும். இந்த நகர்வை நோட்டில் தேதியோடு எழுதுவது முக்கியம். வாய்மொழியாகக் கொடுத்த அதிகாரத்தை முதல் நெருக்கடியிலேயே வாய்மொழியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

தயக்கம் நியாயமானதாக இருக்கும் இடங்களும் உண்டு. ஷிப்மெண்ட் வாரத்தில் புதிய ஆளிடம் புதிய பொறுப்பைக் கொடுக்காதவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒப்படைக்கவே முடியாத பொறுப்புகளும் உண்டு. தொழிலாளர் பாதுகாப்பு அப்படிப்பட்டது; தீயணைப்புக் கருவியைச் சோதிக்கும் வேலையை யாரிடமும் கொடுக்கலாம், ஆனால் பொறுப்பு கைமாறாது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் வந்த திருத்தம், நிறுவனமாக இருந்தால் அதன் இயக்குநர் ஒருவரே ‘ஆக்குபையர்’ (தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பானவர்) ஆகக் கருதப்படுவார் என்று ஆக்கியது இதற்காகத்தான். ஓர் ஊழியரின் பெயரை எழுதிவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டத்தைக் காட்டி எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் உரிமையாளர்களிடம் நான் சுட்டுவது, சட்டம் அவரைப் பதில் சொல்லச் சொல்கிறதே ஒழிய ஒவ்வோர் அவசர வழிக் கதவையும் அவரே போய்த் திறந்து பார்க்கச் சொல்லவில்லை என்பதைத்தான்.

யாரிடம் ஒப்படைப்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பேசத் தயங்கும் சிக்கல். மேலாளர்கள் விட்டுக்கொடுக்கும் கொஞ்சநஞ்ச வேலையும் சொந்த ஊர்க்காரர், உறவுக்காரர், கூடவே மெஷின் ஓட்டியவர் என்று தெரிந்த முகங்களுக்கே போகிறது. நான் போய்வரும் தொழிற்சாலைகளில் தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வரிசையை நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருப்பவர்களுக்குச் சூப்பர்வைசர் வாய்ப்பு வருவது அரிது. ‘ஒப்படைக்க ஆளே இல்லை’ என்று ஒரு மேலாளர் சொன்னால், வரிசையில் யாரிடம் மற்றவர்கள் எழுந்து போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று ஒரு நாள் பார்க்கச் சொல்வேன். லைனின் கடைசியில் செக்கிங் மேசையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் தையல்காரர்கள் போய்ப் பீஸைக் காட்டி, தலையசைப்பை வாங்கிக்கொண்டு திரும்புவது கண்ணில் படும். அதிகாரம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, பதவியும் சம்பளமும்தான் இல்லை.

வேலை கையைவிட்டுப் போன பிறகு மேலாளருக்கு என்ன வேலை என்பதையும் முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண். காலையில் வந்து உட்கார்ந்து, யாரும் வராத மேசையைப் பார்த்து, பத்தே நாளில் அவர் எழுந்து லைனுக்குப் போய் மறுபடியும் பீஸைப் புரட்டத் தொடங்குவார். அடுத்த சீசனுக்கான காஸ்டிங், ஜாப் ஒர்க் யூனிட்டுகளை நேரில் போய்ப் பார்த்துத் தரம் பிரிப்பது, மறுவேலை எந்த ஆபரேஷனில் அதிகம் வருகிறது என்று கண்டுபிடிப்பது என்று முதலாளியால் செய்ய நேரமில்லாமல் கிடக்கும் வேலைகள் எப்போதும் இருக்கும். அவற்றில் ஒன்றை முதலாளி அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க முதலாளியே தயங்குவார். அப்போது மேலாளரிடம் பேசிய அத்தனையையும் அவரிடமும் பேச வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது டி.சி. கையெழுத்தைத்தான். மாதக் கடைசியில் வேண்டாம், ஷிப்மெண்ட் இல்லாத ஒரு வாரத்தில் ஆரம்பிக்கலாம். ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்துப் போடட்டும், ஒவ்வொரு டி.சி.யின் படமும் மாலை 4 மணிக் கணக்கோடு போகட்டும், மேலாளர் வாரத்துக்கு ஒருமுறை சில டி.சி.களை எடுத்து ஜாப் ஒர்க் யூனிட்டின் வரவுக் கணக்கோடு ஒப்பிடட்டும். முதல் வாரத்தில் ஒரு டி.சி.யில் எண்ணிக்கை தவறும். அப்போது மேலாளர் ஸ்டோர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு எப்படித் தவறியது என்று கேட்டுச் சரிசெய்துவிட்டு, மறுநாள் காலையில் புத்தகத்தை அவர் மேசையிலேயே விட்டுவைக்கிறாரா என்று பார்க்க அன்று நான் அங்கே போவது வழக்கம். முதலாளி அன்று அவரை எத்தனை முறை அழைத்தார் என்பதையும் கேட்டுக்கொள்வேன்.